வேர்ப்பட்டை

ஆகஸ்ட் மாதம் டெக்சாஸின் ஃபிரிஸ்கோவில் ஒரு வீட்டு அட்டிக்குக்குள் ஏறி இறங்குகிறவனுக்கு நரகத்தைப் பற்றி யாரும் பிரசங்கம் பண்ண வேண்டியதில்லை. கூரைக்கும் உத்தரத்துக்கும் நடுவில் குனிந்து, பஞ்சுபோலக் கொட்டிக் கிடக்கும் இன்சுலேஷனில் கால் பதிந்துவிடாமல் கட்டைக்குக் கட்டை முழங்காலால் நகர்ந்து, ஏசி யூனிட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் சட்டை பிழிகிற பதத்துக்கு வந்துவிடும். கிருபைராஜ் மார்த்தாண்டத்தில் ஐ.டி.ஐ. படித்து, சவூதியின் தம்மாமில் கொஞ்ச காலம் வேலை பார்த்து, மனைவி நர்ஸ் வேலைக்கு அமெரிக்கா வந்தபோது கூடவே வந்தவர். வந்த நாளிலிருந்து டெக்சாஸ்காரர்களின் வீட்டைக் குளிர வைப்பதுதான் தொழில். வயது ஐம்பதைத் தாண்டியும் அட்டிக் ஏறுவதை விடவில்லை.

அன்று வேலை பார்த்த வீட்டுக்காரர் டேல் என்கிற கிழவர். யூனிட் ஓடத் தொடங்கியதும் கராஜில் நாற்காலி போட்டு ஐஸ் டீ கொண்டுவந்து கொடுத்தார். பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். யார் கேட்டாலும் கிருபைராஜ் சொல்வது ஒன்றுதான்: மகள் பிரீத்தா கல்யாணமாகி நியூ ஜெர்சியில், மகன் படிக்கிறான். அன்றைக்கு ஏனோ, வெயில் மண்டையில் ஏறியதாலோ என்னவோ, வாய் தவறி உண்மை வந்துவிட்டது.

"மகனுக்கு மாத்திரைப் பழக்கம். அதை விடுவதற்கு மெத்தடோன் குடிக்கிறான்."

கிழவர் ஆச்சரியப்படவில்லை. தன் மகனும் அப்படித்தான் இருந்தான் என்றார். ராணுவத்திலிருந்து திரும்பிவந்து, மாத்திரை, பிறகு ஊசி. மெக்சிகோவுக்குக் கூட்டிப்போனாராம். ஆப்பிரிக்காவில் வளர்கிற ஒரு செடி, அதன் வேர்ப்பட்டையிலிருந்து எடுக்கிற மருந்து. ஓர் இரவு முழுக்கப் படுத்துக் கிடந்து தன் வாழ்க்கையையே படம்போலப் பார்த்தானாம். விடிந்தபோது உடம்பு நடுக்கமில்லை, வேண்டும் என்ற எண்ணமுமில்லை. இப்போது டல்சாவில் வெல்டிங் வேலை.

"இந்த ஸ்டேட்டே அதை ஆராயப் பணம் ஒதுக்கியிருக்கிறது. நான் பைத்தியக்காரன் இல்லை," என்றார் கிழவர்.

கிருபைராஜ் அந்த மருந்தின் பேரைக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வேனுக்கு வந்தார். அடுத்த வீட்டு வேலைக்குப் போகாமல், ஏசியைப் போட்டு வேனிலேயே உட்கார்ந்து போனில் வீடியோவாகப் பார்த்தார். எல்லாரும் அழுதார்கள். அழுதுகொண்டே சிரித்தார்கள்.

வீட்டில் கிருபாராணி மரச்சீனிக்கிழங்கை வேகவைத்து வடித்துக்கொண்டிருந்தாள். ஃப்ரோஸன் கிழங்குதான், ஆனால் அதற்கென்று தேங்காய் அரைத்து நெத்திலிக் குழம்பு வைத்திருந்தாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இதய நோயாளிகள் வார்டில் நர்ஸ். நாள் முழுக்க மானிட்டரில் அடுத்தவர்களுடைய இதயத் துடிப்பைப் பார்த்துவிட்டு வந்து சமைப்பாள்.

"வேரா?" என்றாள்.

"வேருக்க பட்ட. ஒரே ராத்திரிதான் ராணி. காலம்பற எந்திக்கும்போ அந்த ஆசையே இருக்காதாம்."

"என்ன பேரு அதுக்கு?"

"ஐபோகெய்ன்."

வடிதட்டைக் கீழே வைத்தாள். "அது எனக்குத் தெரியும். அது வேண்டாம்."

"நீ கேக்காமலே வேண்டாங்குற."

"கேக்க என்ன இருக்கு? ஹார்ட்டு ஒருக்கா அடிச்ச பொறவு அடுத்த அடிக்கு ரெடியாகக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அந்த நேரம் நீண்டு போச்சுன்னா தாளம் தப்பிரும். தப்பினா அம்புட்டுதான், ஆளு இல்ல. மெத்தடோன் அத நீட்டும். ஒங்க வேரு அதவிட நீட்டும். இவனுக்கு இப்பமே நீண்டுதான் கெடக்கு. நான் ஈ.சி.ஜி. பாத்தாச்சு."

"மெத்தடோன நிறுத்திட்டுத்தான் குடுப்பாவளாம்."

"நிறுத்தினா இவன் இருப்பானா?"

மெத்தடோன் வந்தபிறகுதான் அந்த வீட்டில் தூக்கம் வந்தது என்பது கிருபைராஜுக்கும் தெரியும். மகன் காலேபுக்குப் பள்ளிக்கூடத்து மல்யுத்தத்தில் தோள் நழுவி அறுவை நடந்தது. வலிக்குக் கொடுத்த மாத்திரையை டாக்டர் நிறுத்தியதும் தெருவில் தேடினான். தெருவில் கிடைத்தது நீல மாத்திரை, ஹெராயினைவிட வீரியமான ஃபெண்டனில். அதன்பிறகு காலேஜ் போயிற்று, கார் போயிற்று, கிருபாராணியின் கல்யாண வளையல் போயிற்று. கடைசியில் தினமும் விடியுமுன் கிளினிக் ஜன்னலில் போய் நின்று சின்னக் கப்பில் மெத்தடோன் என்கிற சிவப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வருகிற வாழ்க்கை வந்து சேர்ந்தது. குடித்தால் வியர்த்துக் கொட்டுவான். பகலெல்லாம் தூங்கி விழுவான். உடம்பு ஊதிவிட்டது. ஆனால் நாய் பூனை விற்கிற கடையில் மத்தியானம் வேலைக்குப் போனான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். கிருபாராணிக்கு அது போதும்.

"இது கொணமாகலேல்லா ராணி," என்றார் அவர். "ஒரு சங்கிலிய அவுத்து இன்னொரு சங்கிலியக் கெட்டியிருக்கு."

"சங்கிலியாட்டே இருக்கட்டு. அந்த முனையில எனக்க பிள்ள இருக்காம்லா."

மாடிப்படியில் காலேப் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியவில்லை. ஐந்து வயதில் இங்கே வந்தவன். வீட்டில் அவன் பேசுகிற தமிழ் அந்த ஐந்து வயதிலேயே நின்றுபோன தமிழ். அதற்குமேல் வேண்டியதற்கெல்லாம் இங்கிலீஷ்.

"எனக்கு அங்க போகணும், அம்மா," என்றான்.

"மக்ளே, அது வெளையாட்டில்ல."

"ஐ நோ. ஐ ரெட் எவ்ரிதிங்." கீழே வந்து அடுப்பங்கரை மேடையில் சாய்ந்தான். கழுத்தில் வியர்வை. "டெய்லி அந்த லைன்ல நிக்கிறேன். அங்க ஒரு தாத்தா இருக்காரு, அம்மா. ரொம்ப வருஷமா வராரு. ஹி இஸ் நைஸ் டு மி. அவரைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்கு. எனக்கு எல்லாம் நிறுத்தணும்."

கிருபாராணி மகனையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கிழங்கைத் தட்டில் போட்டு, குழம்பை ஊற்றி, "முதல்ல தின்னு," என்றாள். ஆனால் அவள் தோற்றுவிட்டாள் என்பது மூன்று பேருக்கும் தெரிந்தது.

மெத்தடோனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். கிளினிக்கில் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. மரத்தில் இலை உதிரத் தொடங்கிய சமயம் தவிப்பு ஆரம்பித்தது. கால்கள் தாமாகவே உதைத்தன. மூக்கும் கண்ணும் வயிறும் சேர்ந்து ஒழுகின. போர்த்தினால் எரியும், எடுத்தால் குளிரும். கிருபாராணி லீவு போட்டுவிட்டு, பயறு போட்ட கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். பாதி உள்ளே போகும், பாதி வெளியே வரும். கிருபைராஜ் வேலையிலிருந்து வந்ததும் மகனுடைய காலைத் தன் மடியில் வைத்துப் பிடித்துவிடுவார். சதை தோலுக்கு அடியில் எலிபோல ஓடும்.

"கொஞ்சம் பொறு மக்கா. இது முடிஞ்சா அங்க போயிரலாம். அங்க போயிற்றா எல்லாம் தீந்துச்சு."

"தீந்துச்சு," என்று காலேப் திருப்பிச் சொல்வான்.

நன்றிகூறும் நாள் விடுமுறைக்கு முந்தின வாரம், ஒரு மத்தியானம், குளியலறைக் கதவு தாழ் போட்டிருந்தது. தட்டினால் பதிலில்லை. கிருபைராஜ் தோளால் இடித்துத் திறந்தார். குளியல்தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்து கிடந்தான்; உதடு நீலம். கிருபாராணி ஓடிவந்து மாத்திரை போதையை முறிக்கிற மருந்தை மூக்கில் அடித்து, மல்லாத்திப் போட்டு வாயில் ஊதினாள். இன்னொரு தடவை அடித்தாள். அவன் மூச்சை உறிஞ்சிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தபோது, அவள் தரையில் இருந்தபடியே சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். யாரையும் ஏசவில்லை. கிருபைராஜுக்கு அவள் ஏசியிருந்தால் நன்றாயிருக்கும் போலிருந்தது.

மெக்சிகோ கிளினிக்கில் போன் பேசுகிற பெண்ணிடம் அவரே விஷயத்தைச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். மெத்தடோன் முழுக்க நின்றுவிட்டதா என்று அவள் கேட்டாள். நின்றுவிட்டது, ஆனால் நீல மாத்திரைக்குப் போய்விட்டான் என்றார்.

"வருத்தமான விஷயம்தான். ஆனால் எங்களுக்கு மெத்தடோனைவிட அது பரவாயில்லை. அது உடம்பில் ரொம்ப நேரம் நிற்காது. இங்கே வந்ததும் மார்ஃபினுக்கு மாற்றிவிடுவோம். கூட்டிக்கொண்டு வாருங்கள்."

கிருபாராணி சிரித்தாள். சத்தமில்லாத சிரிப்பு. "கேட்டியளா? நம்ம பிள்ள பாஸாயிட்டாம்," என்று சொல்லிவிட்டு மாடிக்குத் துணி எடுத்து வைக்கப் போனாள்.

வேனிலேயே போனார்கள். பின்பக்கத்தில் ஏணியையும் சாமான்களையும் இறக்கி வைத்துவிட்டு கிருபைராஜ் மெத்தை போட்டார். மேற்கு டெக்சாஸில் எண்ணெய்க் கிணறுகள் தலையாட்டிக்கொண்டிருந்தன. எல் பாசோ தாண்டி, அரிசோனா தாண்டி, சான் டியாகோவில் எல்லை கடந்தார்கள். வழியில் காலேபுக்கு மூன்று முறை வாந்தி. அவன் பையில் கொஞ்சம் மாத்திரை வைத்திருந்தான் என்பது இருவருக்கும் தெரியும். தெரியாததுபோல ஓட்டினார்கள்.

கிளினிக் என்பது திகுவானாவுக்குத் தெற்கே கடற்கரைச் செங்குத்துப் பாறைமேல் ஒரு பெரிய வீடு. வெள்ளைச் சுவர், மூங்கில் நாற்காலிகள், உள்ளே ஆஸ்பத்திரிக் கட்டில்களும் மானிட்டர்களும். டாக்டர் சின்ன வயதுப் பெண். கறாரானவள். காலேபை மார்ஃபினுக்கு மாற்றினாள். பொட்டாசியம், மெக்னீசியம் கொடுத்தாள். தினமும் காலையில் ஈ.சி.ஜி. எடுத்தாள். "இதயம் தயாராகிற நேரம் இன்னும் நீளமாக இருக்கிறது. இறங்கட்டும், பார்ப்போம்," என்பாள்.

அந்த வாரம் ஒஹையோக்காரி ஒருத்திக்கு வேர் மருந்து கொடுத்தார்கள். மறுநாள் அவள் போர்வையோடு வராந்தாவில் வந்து உட்கார்ந்திருந்தாள். முகம் சாம்பல் நிறம். கிருபைராஜ் போய் எப்படி இருக்கிறது என்று கேட்டார். அவள் தன் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டே, "அது இல்லை," என்றாள். "தேடிப் பார்க்கிறேன், இல்லை." அவர் அறைக்கு ஓடி அதை மகனிடம் சொன்னார். காலேப் எழுந்து உட்கார்ந்து, "ரியலி?" என்று கேட்டான். அந்த முகத்தை அவர் எத்தனையோ வருஷமாகப் பார்த்ததில்லை. சின்னப் பையனாக ஈஸ்டர் முட்டை தேடியபோது பார்த்த முகம். அன்று மூவரும் கீழே இறங்கிக் கடலோரத்தில் மீன் டாக்கோ வாங்கித் தின்றார்கள். காலேப் இரண்டு தின்றான். மிளகாய் பத்தாது என்று கிருபாராணி சொன்னாள்.

வார முடிவில் டாக்டர் அவர்களை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டாள். ஈ.சி.ஜி. தாள்களை வரிசையாக மேஜையில் வைத்தாள்.

"நான் கொடுக்க முடியாது," என்றாள். "மெத்தடோன் போய் நாளாகிவிட்டது. உப்புச் சத்தெல்லாம் ஏற்றியாகிவிட்டது. ஆனாலும் இறங்கவில்லை. இது மருந்து செய்த வேலை இல்லை. அவனுடைய இதயமே பிறவியில் இப்படி இருக்கலாம். வருந்துகிறேன்."

கிருபாராணி கடைசித் தாளை எடுத்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சின்னச் சின்னக் கட்டங்களை நகத்தால் தொட்டுத் தொட்டு அளந்தாள். மறுபடியும் அளந்தாள். டாக்டர் சொல்வது சரி என்பது அவள் தோள் இறங்கியதிலேயே கிருபைராஜுக்குத் தெரிந்தது. கெஞ்ச வேண்டும் என்று அவர் வாயைத் திறந்தார். அதற்குள் அவள் பேசினாள், இங்கிலீஷில்.

"குடுங்க."

எதைக் கேட்கிறாள் என்று டாக்டருக்குப் புரியவில்லை.

"மருந்தக் குடுங்க. நான் கையெழுத்துப் போடுகேன்."

"நீங்கள் இதய வார்டு நர்ஸ் என்று சொன்னீர்கள். என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"பிறகு ஏன்?"

"இங்க மானிட்டர் இருக்கு. நீங்க இருக்கீங்க. நான் பக்கத்துல கையப் பிடிச்சுட்டு இருப்பேன். வீட்டுல குளிமுறிக்குள்ள அவன்கூட யாரும் இருக்க மாட்டாங்க."

அவள் சொன்னது என்ன என்று கிருபைராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. பிழைப்பதற்காக அவள் கேட்கவில்லை.

"ராணி, வேண்டாம்," என்றார் தமிழில்.

"நீங்கதானே கூட்டிட்டு வந்திய?"

"அவன் பொழைக்கணும்னு கூட்டிட்டு வந்தேன்."

"நானும் இம்புட்டு நாளு ஜெபத்துல அதத்தான் கேட்டேன்." அவள் தாளை ஒழுங்காக மடித்து மேஜையில் வைத்தாள். "இப்ப கேக்கல."

டாக்டர் எழுந்து வந்து கிருபாராணியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, முடியாது என்று திரும்பவும் சொன்னாள்.

எல்லையில் திரும்பி வருகிற கார்கள் மைல் கணக்கில் நின்றன. ஜன்னல் ஜன்னலாக வந்து மாங்காய்த் துண்டு, சிலுவை, கம்பளி விற்றார்கள். காலேப் பின்னால் மெத்தையில் படுத்திருந்தான். அவனிடம் சொன்னபோது அழவில்லை, ஓகே என்று மட்டும் சொன்னான். கிருபாராணி அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, நீங்க டாக்டர்கிட்ட சொன்னது கேட்டுது. டோர் ஓப்பனா இருந்துச்சு."

"கேட்டுதா மக்ளே."

"என்மேல கோவமா?"

"கோவம் இல்ல. களச்சுப் போச்சு."

களச்சு என்று காலேப் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். அந்தச் சொல் அவனுடைய தமிழில் இல்லாத சொல்.

"எனக்கும்," என்றான். "எனக்கும் களச்சுப் போச்சு, அம்மா. தேங்க்ஸ் ஃபார் ஆஸ்கிங் ஹர்."

அவள் குனிந்து அவன் நெற்றியில் தன் நெற்றியை வைத்தாள். கிருபைராஜ் கண்ணாடியில் அதைப் பார்த்தார். இரண்டு பேரும் சேர்ந்து ஏதோ ஒரு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதுபோல இருந்தது; தன்னை வெளியே விட்டுவிட்டு. பின்னால் இருந்த கார்க்காரன் ஹாரன் அடித்தான். வண்டியை நகர்த்தினார்.

டெக்சாஸ் திரும்பியபிறகு பழைய கிளினிக்கில் மெத்தடோனைப் பழைய அளவு கொடுக்கப் பயந்தார்கள். இதயத்தின் சங்கதி இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நாக்குக்கு அடியில் வைக்கிற வேறொரு மருந்து உண்டு என்றார்கள். ஆனால் அதைத் தொடங்க முதலில் நன்றாகத் தவிக்க வேண்டும். தவிப்பு முற்றுவதற்குமுன் வைத்தால் தவிப்பு பத்து மடங்காகும். காலேப் இரண்டு முறை முயன்றான். இரண்டு முறையும் பாதியில் எழுந்து போனான். பிறகு போவதும் வருவதுமாக ஆயிற்று. வரும்போது மெலிந்திருப்பான், குளிப்பான், கஞ்சி குடிப்பான், சோபாவில் கிடப்பான். ஒருநாள் இருக்க மாட்டான்.

கிருபைராஜ் விடவில்லை. அட்டிக்கிலிருந்து இறங்கியதும் போனை எடுத்துவிடுவார். பெரு நாட்டில் ஒரு கொடியைக் காய்ச்சிக் கொடுக்கிறார்களாம், ஓரிகானில் காளானாம், அது இதயத்தை ஒன்றும் செய்யாதாம். சாப்பிடும்போது மனைவியிடம் காட்டுவார். அவள் படத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு," என்று சொல்லிக் கிண்ணத்தைக் கழுவப் போவாள். கூடுதல் ஷிஃப்ட் எடுத்துக்கொண்டாள். வேலைக்குப் போகும்போது தலைக்குப் பூப்போட்ட நர்ஸ் தொப்பி வைத்துக்கொண்டு சுறுசுறுப்பாகத்தான் போனாள்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மாலை பக்கத்து மெக்கின்னியில் ஊர்க்காரர் செல்வின் வீட்டில் ஜெபக்கூட்டம். நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலைக்காரர்கள் ஏழெட்டுக் குடும்பம். காலேப் வீட்டுக்கு வராமல் ஒரு வாரத்துக்கு மேலாகியிருந்தது. போன் அணைந்திருந்தது. பாட்டும் வேத வாசிப்பும் முடிந்து பாஸ்டர் ஒவ்வொருவரிடமும் ஜெப விண்ணப்பம் கேட்டார். ஒருவருக்கு கிரீன் கார்டு. ஒருத்திக்கு ஊரில் அப்பாவின் முழங்கால் ஆபரேஷன். செல்வினுக்கு மகளின் காலேஜ் சீட்.

"ராணி சிஸ்டர்?"

பாஸ்டர் கேட்கும்போதே தலையாட்டிக்கொண்டார். அந்தக் கூட்டத்தில் அவள் வாயிலிருந்து என்ன வரும் என்று குழந்தைகளுக்கும் தெரியும்: எனக்க மகனுக்க விடுதலைக்காக.

"ஒண்ணும் இல்ல பாஸ்டர்," என்றாள் கிருபாராணி.

"காலேப் தம்பிக்காக…"

"ஒண்ணும் இல்ல. அடுத்தாளக் கேளுங்க."

அவள் குரலில் துக்கமோ கோபமோ இல்லை. கடையில் பை வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்வதுபோல இருந்தது. யாரோ செருமினார்கள். அடுத்த ஆள் கிருபைராஜ். வீட்டுக்காக எப்போதும் அவளே சொல்லிவிடுவதால் அவர் வாய் திறந்ததே இல்லை. இப்போது எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். விடுதலை என்ற சொல்லை நாக்கில் கொண்டுவந்து பார்த்தார். வரவில்லை.

"மகன் வீட்டுக்கு வரணும்," என்றார். "அம்புட்டுதான்."

எல்லாரும் முழங்காலிட்டார்கள். பாஸ்டர் எல்லா விண்ணப்பத்தையும் முடித்துவிட்டுக் காலேபின் பேரைச் சொல்லி நெடுநேரம் உருகி ஜெபித்தார். பெண்கள் பக்கமிருந்து விசும்பல் கேட்டது. கடைசியில் அறை முழுக்க ஆமென் என்றது. கிருபைராஜ் கண்ணை மூடியபடியே காதைக் கூர்மையாக்கிக்கொண்டு அந்த ஆமெனில் மனைவியின் குரலை மட்டும் தேடினார். கூட்டத்தோடு பாடினாலும் பேசினாலும் அவருக்குத் தனியாகக் கேட்கிற குரல் அது. கேட்கவில்லை. எல்லாக் குரலும் அடங்கியபிறகும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

கண்ணைத் திறந்தபோது அவள் எழுந்து சேலையைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

"ஆப்ப மாவு பொங்கிக் கெடக்கும்," என்று செல்வின் மனைவியிடம் சொன்னாள். "சட்டியப் போடட்டா?"